காலில் நோவு, காரணம் நாரியில்: சயாட்டிகாவும் கைரோபிரக்டிக் சிகிச்சையும்

புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும் என் மாமாவுக்குப் போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு வலது கெண்டைக்காலில் நோவு தொடங்கியது. பொங்கல் வியாபாரத்துக்கு வந்த துணிப்பொதிகளை நாட்டாமிகளோடு சேர்ந்து தானும் மேல்மாடிக்கு ஏற்றியிருந்தார். நோவு காலில் என்றபடியால் காலுக்குத்தான் சித்தாலேப பூசினார். மூன்று வாரம் பூசினார். மாமி இரவிரவாக ஒத்தடம் கொடுத்தார். "நாரியில ஒண்டும் இல்லை, கால்தான் உயிர் போகுது" என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்தால் நோவு கூடும். தும்மினால் காலுக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஓடும். பாதத்தின் வெளிப்பக்கமும் சுண்டுவிரலும் விறைத்தே இருக்கும்.

கெண்டைக்காலில் ஒரு பிழையும் இல்லை. பிழை அதற்கு இரண்டு, இரண்டரை அடி மேலே, நாரியில் இருந்தது. இதுதான் சயாட்டிகா. கொழும்பில் மணிக்கணக்காகக் கணினிக்கு முன்னால் இருப்பவர்கள், காலி வீதி நெரிசலில் ஓட்டோ ஓட்டுகிறவர்கள், கடைகளில் பாரம் தூக்குகிறவர்கள் என்று பலர் இந்த நோவோடு திரிகிறார்கள். அவர்களில் நிறையப் பேர் இப்போது முள்ளந்தண்டைக் கையால் அசைத்துச் செய்யும் கைரோபிரக்டிக் சிகிச்சை பற்றிக் கேட்கிறார்கள். கைத்தொலைபேசியில் ஒருவர் இன்னொருவரின் முதுகை 'டக்' என்று முறுக்க, படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டு எழும்பும் காணொளியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாமாவும் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த நோவு ஓடும் சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே நீளமானதும் தடிப்பானதும் அதுதான். பெருவிரல் அளவு தடிப்பு வரும். நாரியின் கீழ்ப்பகுதியில் முள்ளந்தண்டிலிருந்து வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து அது உருவாகிறது. வைத்தியர்கள் அந்த வேர்களை எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 என்று எண்ணிட்டு அழைப்பார்கள். பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிபோர்மிஸ் என்ற தசைக்கு அடியால் வந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து, பாதம் வரை போகிறது. ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. தொடையின் பின்தசைகளையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எல்லாத் தசைகளையும் ஆட்டுவிப்பது அதுதான். பாதத்தின் பெரும்பகுதிக்கு உணர்ச்சி கொடுப்பதும் அதுதான்.

அப்படியென்றால் நாரியில் உள்ள கோளாறு ஏன் காலில் தெரிகிறது? முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். இடிபட்டது முழங்கை. கரண்ட் ஓடுவது சுண்டுவிரலில். நரம்பை வழியில் எங்கே தொட்டாலும், அந்தச் செய்தி அந்த நரம்பு பொறுப்பாக உள்ள இடத்திலிருந்தே வருகிறது என்றுதான் மூளை எடுத்துக்கொள்ளும். எஸ்1 வேர் உறுத்தப்பட்டால் கெண்டைக்காலும் பாதத்தின் வெளிப்பக்கமும் நோகும். எல்5 என்றால் காலின் வெளிப்பக்கத்தால் இறங்கிப் பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும். நோவு ஓடும் கோட்டை விரலால் காட்டச் சொன்னாலே எந்த வேர் என்று வைத்தியருக்குப் பாதி தெரிந்துவிடும். ஆகவே வைத்தியரிடம் போகும்போது 'கால் முழுக்க நோகுது' என்று சொல்லாமல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த விரல் விறைக்கிறது என்று கவனித்துக்கொண்டு போங்கள்.

வேரை உறுத்துவது எது? பெரும்பாலான ஆட்களில் டிஸ்க். இரண்டு முள்ளென்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு அது. கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான நார்வளையம், உள்ளே மெதுவான களி. வயதோடும் பாரத்தோடும் வளையத்தில் வெடிப்பு விழும்போது உள்ளே இருக்கும் களி பின்பக்கமாகப் பிதுங்கும். பிதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நரம்பு வேர் வெளியே வருகிறது. நாரியின் மிகக் கீழே உள்ள இரண்டு டிஸ்க்குகளில்தான் இது அதிகம், உடம்பின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. 30 முதல் 50 வயது வரையானவர்களை இது கூடுதலாகப் பிடிக்கிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நோவு முழுவதும் அழுத்தத்தால் வருவதில்லை. அந்தக் களியில் உள்ள இரசாயனங்கள் நரம்பு வேரைப் புண்ணாக்கி வீங்க வைக்கின்றன. வீங்கிய வேர் லேசாகத் தொட்டாலே கத்தும். சிறிய பிதுக்கத்தோடு துடிக்கிறவர்களும் பெரிய பிதுக்கத்தோடு சும்மா நடமாடுகிறவர்களும் இருப்பது இதனால்தான். வீக்கம் தணியத் தணிய, பிதுக்கம் அப்படியே இருந்தாலும் நோவு குறையும்.

கால்நோவின் இந்தப் பின்னணி தெரியவரப் பல காலம் எடுத்தது. இத்தாலிய வைத்தியர் டொமினிகோ கொட்டுன்யோ 1764இல் இது மூட்டு நோவு இல்லை, நரம்பு நோவு என்று எழுதினார். பிதுங்கிய டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம் என்பதை அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை வைத்தியர்கள் 1934இல் தெளிவாகக் காட்டினார்கள். ஆயுர்வேதத்தில் இதற்குக் 'கிருத்ரசி' என்று பெயர். கிருத்ரம் என்றால் கழுகு. காலை இழுத்துச் சரிந்து நடப்பதைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் மாமா நடந்ததைப் பார்த்த எனக்கு அந்தப் பெயர் சரியாகத்தான் பட்டது.

டிஸ்க் தவிர வேறு காரணங்களும் உண்டு. வயதானவர்களில் நரம்புகள் போகும் குழாயே ஒடுங்கிவிடும். அவர்களுக்கு நடந்தால் கால் நோகும், குனிந்து எதையாவது பிடித்துக்கொண்டு நின்றால் ஆறும். ஒரு முள்ளென்பு மற்றதின் மேல் முன்னுக்கு நழுவியிருக்கலாம். பிரிபோர்மிஸ் தசை இறுகி நரம்பை நெரிக்கலாம். கர்ப்பகாலத்திலும் இப்படிப்பட்ட நோவு வரும். அரிதாகக் கட்டியோ கிருமித்தொற்றோ காரணமாக இருக்கும். 'கால்நோவுதானே' என்று நேரே யாரிடமாவது முதுகைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இந்தக் கடைசி இரண்டும் போதும்.

'விலகிவிட்டது' என்ற சொல்

நம்மில் எல்லோரும் சொல்வது 'டிஸ்க் விலகிட்டுது' என்றுதான். இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. விலகியது என்றால் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று மனம் தானாகவே நினைத்துவிடும். தண்டவாளத்தை விட்டு இறங்கிய ரயில்பெட்டி மாதிரி, யாராவது கைதேர்ந்தவர் ஒரு தள்ளுத் தள்ளினால் சரி என்று தோன்றும். மாமாவும் அதைத்தான் கேட்டார்: "விலகினதை ஒருத்தர் உள்ளுக்குத் தள்ளிவிட்டால் முடிஞ்சுதானே, மருமகன்?"

டிஸ்க் விலகுவதில்லை. மேலும் கீழும் உள்ள என்புகளோடு அது இறுக ஒட்டியிருக்கிறது. பிதுங்கிய களியை வெளியே இருந்து கையால் உள்ளே தள்ளவும் முடியாது. ஆனால் உடம்புக்கு வேறொரு வழி தெரியும். வெளியே வந்த களியை அந்நியப் பொருளாகக் கருதி, எதிர்ப்புக் கலங்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கி, தாய் டிஸ்க்கிலிருந்து கழன்றே போன துண்டுகள்தான் கூடுதலாகக் கரைகின்றன. ஸ்கானில் 'பெரிய டிஸ்க்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அழுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பெரும்பாலான சயாட்டிகா ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நன்றாகத் தணிந்துவிடுகிறது.

ஸ்கான் பற்றியும் ஒன்று. நாரிநோவு எதுவுமே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கான்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 வீதமானோருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 50 வயதில் 60 வீதம், 80 வயதில் 84 வீதம். இவர்களுக்கு ஒரு நோவும் இல்லை. அதனால் முதல் வாரமே கடன்பட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவையில்லை. நோவின் கோடும் ஸ்கானின் படமும் ஒத்துப்போகும்போதுதான் படத்துக்கு மதிப்பு. அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்கும்போதும், கீழே சொல்லப்போகும் அபாயக் குறிகள் இருக்கும்போதும் எம்.ஆர்.ஐ. கட்டாயம் வேண்டும்.

தாமதிக்கக்கூடாத குறிகள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். முள்ளந்தண்டின் கீழ்முனையில் நரம்பு வேர்கள் குதிரைவால் மாதிரிக் கற்றையாகத் தொங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கற்றை முழுவதையும் நசுக்கினால் அது அவசர நிலை. சைக்கிள் சீட்டில் இருந்தால் பதியும் இடங்கள், அதாவது மலவாசலைச் சுற்றியும் பிறப்புறுப்பைச் சுற்றியும் உள் தொடைகளிலும், உணர்ச்சி மங்கும். கழுவும்போது கை படுவது தெரியாது. சிறுநீர் முட்டியிருந்தும் போகாது, அல்லது தெரியாமலே போய்விடும். மலமும் அப்படி. இரண்டு கால்களும் ஒன்றாக நோகவோ பலம் குறையவோ தொடங்கும்.

இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று பார்த்திருக்கக்கூடாது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், பணம் இல்லை. அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். நாள்கள் கடந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். வெட்கத்தில் இதை மறைப்பவர்கள்தான் கூடுதல், அதிலும் நம்முடைய அம்மாமார். அவர்களிடம் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பாதம் தொங்கிப்போய்ச் செருப்பு இழுபடத் தொடங்கினால் அதுவும் விரைவாகக் காட்ட வேண்டியது. காய்ச்சலோடு வரும் நாரிநோவு, காரணமில்லாமல் மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் நோவு, விழுந்தபின் வந்த நோவு, நெடுநாள் ஸ்டெரொய்ட் குளிசை எடுத்தவர்களின் நோவு, படுத்தாலும் ஆறாத இரவு நோவு எல்லாவற்றையும் முதலில் வைத்தியர்தான் பார்க்க வேண்டும்.

மாமாவை நான் முதலில் அவருடைய குடும்ப டொக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடப் பரிசோதனை. மல்லாக்காகப் படுக்க வைத்து, முழங்காலை மடிக்காமல் காலை மெல்ல உயர்த்தினார். நாற்பது பாகை வருமுன் மாமா "ஐயோ" என்றார், கால் முழுக்க ஓடியது. முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் இப்படி ஓடினால் வேர் உறுத்தப்படுகிறது என்ற சந்தேகம் வலுக்கும். பிறகு குதிகாலில் நடக்கச் சொன்னார், அது எல்5இன் பலம். நுனிக்காலில் நடக்கச் சொன்னார், அது எஸ்1. குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார். இடது பாதம் துள்ளியது, வலது பாதம் கொஞ்சம்தான் அசைந்தது. கடைசியாகச் சிறுநீர், மலம் பற்றிக் கேட்டார். அவ்வளவுதான். நேரே பெரிய வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணத்தான் வேண்டும் என்றில்லை. வசதி குறைந்தவர்கள் தேசிய வைத்தியசாலையிலோ களுபோவில வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவையான கிளினிக்குக்கு அங்கிருந்தே இலவசமாக அனுப்புவார்கள். காத்திருப்பு நீளம், ஆனால் பரிசோதனை அதேதான்.

கைரோபிரக்டிக் என்றால் என்ன

இந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பாமர் என்பவர் தொடங்கியது. அதற்கு முன் அவர் 'காந்த சிகிச்சை' செய்தவர். காது கேளாத ஹாவி லிலார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஒரு என்பைத் தள்ளிவிட்டதாகவும் அவருக்குக் காது கேட்டதாகவும் பாமர் சொன்னார். காதுக்குப் போகும் நரம்பு முள்ளந்தண்டு வழியாகப் போவதே இல்லை. நோய்களில் 95 வீதம் முள்ளென்பு இடம் பிசகுவதால் வருகிறது என்றும் அவர் பின்னர் எழுதினார்.

பாருங்கள், அங்கேயும் தொடக்கம் அதே 'விலகியது' என்ற எண்ணம்தான். முறிவு, நெரிவு பார்க்கும் நம் நாட்டு வைத்தியரிடம் போகும்போது நமக்குள் இருக்கும் எண்ணத்துக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்தத் துறை நூறு வருடத்தில் நிறைய மாறியிருக்கிறது. பிரித்தானியாவில் கைரோபிரக்டர்களை ஒழுங்குபடுத்தும் சபையே, என்பு பிசகி நோய் வருகிறது என்பது வரலாற்றுக் கருத்து மட்டும், அதற்கு மருத்துவச் சான்று இல்லை என்று 2010இல் சொல்லிவிட்டது. இன்று ஒழுங்காகப் படித்த கைரோபிரக்டர் முதலில் வரலாறு கேட்பார், மாமாவின் டொக்டர் செய்த பரிசோதனைகளைத் தானும் செய்வார், தனக்கு ஏற்றதில்லை என்றால் திருப்பி அனுப்புவார். முழுப்படிப்புக்கு ஆகக் குறைந்தது நான்கு வருடமும் 4,200 மணிநேரமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு 'டக்' செய்கிறவர் வேறு, இவர் வேறு.

அவர்கள் சயாட்டிகாவுக்குச் செய்வது ஒரே ஒரு வேலை இல்லை. காணொளியில் வருவது, மூட்டை அதன் அசைவின் எல்லைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து சிறிய, வேகமான ஒரு உந்து கொடுப்பது. இன்னொன்று, மெல்ல மெல்ல அசைப்பது, வேகம் கிடையாது. கட்டிலின் கீழ்ப்பாதி மடியும் ஒரு விசேஷக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, நாரியை மெதுவாக இழுத்து வளைத்து விடுவதும் உண்டு. டிஸ்க் நோவுக்கு மென்மையான இந்த முறையைத்தான் பலர் முதலில் எடுக்கிறார்கள். கூடவே தசைகளைத் தளர்த்துவது, பயிற்சி சொல்லிக் கொடுப்பது.

அந்தச் சத்தம்? என்பு உள்ளே போன சத்தம் இல்லை. மூட்டுக்குள் உள்ள வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக்குழி ஒன்று உண்டாகிறது. விரல் சொடுக்கும்போது நடப்பதும் இதுவே. 2015இல் சொடுக்கும் கணத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் வந்தால்தான் சிகிச்சை என்பதும் இல்லை, வராவிட்டால் வீண் என்பதும் இல்லை. பிறகு ஏன் சுகமாக இருக்கிறது? இறுகிய தசை இளகுகிறது, மூட்டு கொஞ்சம் கூட அசைகிறது, நோவுச் செய்தியை நரம்பு மண்டலம் சிறிது நேரம் தணித்து வைக்கிறது. அசையப் பயந்துகொண்டிருந்த மனிதர் அசையத் தொடங்குகிறார். என் பார்வையில் இந்தக் கடைசிதான் பெரிய பலன்.

பலன் உண்மையா என்று எப்படித் தெரியும்? சயாட்டிகா தானாகவே ஆறுகிற நோவு. எட்டாவது வாரம் யாரிடம் போனாலும் பத்தாவது வாரம் அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டும். 2006இல் இத்தாலியில் வந்த ஒன்று இதை நன்றாகச் செய்தது. டிஸ்க் பிதுக்கமும் கால்நோவும் உள்ள 102 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அனுபவமுள்ள கைரோபிரக்டர்கள் உண்மையான உந்து கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அது போலப் பாவனை செய்தார்கள். ஆறு மாத முடிவில் கால்நோவு முழுதாகப் போனவர்கள் முதல் பகுதியில் 55 வீதம், மற்றதில் 20 வீதம். நல்ல வித்தியாசம். 2014இல் அமெரிக்காவில் வந்த இன்னொன்றில் 192 பேர். வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடப் பயிற்சியோடு கைச்சிகிச்சையும் பெற்றவர்களுக்குப் பன்னிரண்டாவது வாரம் கால்நோவு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் போனபின் கால்நோவில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. பிரித்தானிய மருத்துவ வழிகாட்டியும் கைச்சிகிச்சையைத் தனியே கொடுக்காமல் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கைரோபிரக்டிக் நோவான வாரங்களைச் சுலபமாக்கக்கூடும், சரியாக ஆள் பார்த்துச் செய்தால். டிஸ்க்கை உள்ளே வைக்காது. பயிற்சியை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பினால் காசும் காலமும்தான் போகும்.

செய்தபின் ஒன்றிரண்டு நாள் உளைவு இருப்பது சாதாரணம். பாரதூரமான தீங்கு அரிது. ஆனாலும் நாரியை முறுக்கியபின் குதிரைவால் நரம்புகள் நசுங்கியதாகப் பதிவுகள் உண்டு. ஆகவே கால் பலம் குறைந்துகொண்டே போகிறவர்கள், மேலே சொன்ன அபாயக் குறிகள் உள்ளவர்கள், என்பு நலிந்தவர்கள், முள்ளந்தண்டில் கட்டியோ தொற்றோ முறிவோ உள்ளவர்கள் வேகமான உந்துக்கு முதுகைக் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் போகக்கூடாது. இன்னொன்று, கால்நோவுக்குப் போன இடத்தில் கழுத்தையும் சேர்த்து முறுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்து முறுக்கலில் மூளைக்குப் போகும் நாடி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் அரிதாக உண்டு, உங்கள் கால்நோவுக்கு அதில் எந்தப் பயனும் இல்லை.

கொழும்பில் யாரிடமாவது போவதானால் வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? எனக்கு எந்த முறை செய்யப் போகிறீர்கள்? எத்தனை தடவையில் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? படித்தவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். என் நண்பர் ஒருவர் போன இடத்தில், தொட்டுப் பார்க்கும் முன்பே முப்பது தடவைக்கான பணத்தை முன்கூட்டிக் கட்டச் சொன்னார்கள். அவர் கட்டினார். நோவு நான்காவது வாரம் போய்விட்டது, பணம் திரும்பி வரவில்லை. நான்கு முதல் ஆறு தடவைக்குள் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி வைத்தியரிடம் போவதுதான் சரி. நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரும் இதே பாதையில்தான் வேலை செய்வார், இங்கே அவர்களைத் தேடிப்பிடிப்பதும் சுலபம்.

வீட்டில் என்ன செய்யலாம்

நோவு வந்ததும் பலகைக் கட்டிலில் அசையாமல் கிடக்கச் சொல்வது நம் பழக்கம். படுக்கை ஓய்வால் சயாட்டிகா சீக்கிரம் மாறுவதில்லை என்று 1999லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். தாங்க முடியாத முதல் ஒன்றிரண்டு நாள் படுங்கள், சரி. அப்புறம் எழும்பி நடக்க வேண்டும், வீட்டுக்குள் ஐந்து நிமிடமாக என்றாலும். பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். அரைமணிக்கு ஒருதரம் கதிரையை விட்டு எழும்புங்கள். பாரம் தூக்கினால் உடம்போடு ஒட்டித் தூக்குங்கள், நாரியை வளைத்துக்கொண்டே திருப்ப வேண்டாம். சிகரெட் பிடிப்பது டிஸ்க்கின் நலத்துக்கும் கேடு.

பயிற்சியில் ஒரு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தும் பயிற்சி பலருக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. அதைச் செய்யும்போது நோவு கெண்டைக்காலை விட்டு தொடைக்கு, தொடையை விட்டு பிட்டத்துக்கு என்று மேலே ஏறினால், நாரி கொஞ்சம் கூட நோகுதென்றாலும், அது நல்ல குறி. தொடருங்கள். நோவு கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பயிற்சி உங்களுக்கில்லை.

மருந்து பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பார்மசியில் தாமாகவே டைக்குளோபினாக் வாங்கி வாரக்கணக்காக விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரெஷரும் சீனி வருத்தமும் உள்ளவர்களுக்கு அது மேலும் ஆபத்து. நரம்பு நோவுக்கென்று தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின், சயாட்டிகாவில் மருந்தில்லாத வெறும் குளிசையைவிட நன்றாக வேலை செய்யவில்லை என்று 2017இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டொக்டரைக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதற்கும் அதன் இடம் உண்டு. நெதர்லாந்தில் 2007இல் வந்த ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு கால்நோவு வேகமாகத் தணிந்தது. ஆனால் ஒரு வருடத்தில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பலம் குறையாதவரை, முடிவு எவ்வளவு நோவை எவ்வளவு காலம் தாங்கலாம் என்பதைப் பொறுத்தது. அதைத் தாங்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாமா டொக்டரின் சம்மதத்தோடு, முறையாகப் படித்த ஒரு கைரோபிரக்டரிடம் நான்கு தடவை போனார். மடியும் கட்டிலில் மெதுவான சிகிச்சைதான், 'டக்' ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் குப்புறப் படுத்துப் பயிற்சி செய்தார். கடையில் பொதி தூக்குவதை நாட்டாமிகளிடம் விட்டார். ஒன்பதாவது வாரம் பிட்டத்தில் ஒரு மெல்லிய பிடிப்பு மட்டும் மிஞ்சியது. சுண்டுவிரல் விறைப்பு இன்னும் இரண்டு மாதம் இருந்து, தெரியாமலே மறைந்தது. விறைப்பு எப்போதும் நோவைவிடப் பின்னால்தான் போகும். இப்போது மாலையில் மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடக்கிறார். நடந்து முடிந்ததும் கடற்கரைக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது நுனிக்காலில் பத்துத் தரம் எழும்பிப் பார்ப்பார். முதலில் மூன்றுதான் முடிந்தது. சென்ற கிழமை பத்தையும் எழும்பினார்.